வளையல் போடத் தெரியாத சுவாமி

கிறிஸ்தவ வேதத்துச் சாமியார் எவனும் சீமைக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் பிடித்த இடத்திலேயே தலையை எடுத்துவிட வேண்டும் என்று அரண்மனை தமுக்கடித்திருந்த காலம் அது. அப்போதுதான் சந்தியாகு சுவாமி வளையல் சரங்களை அடுக்கிய மலாரப் பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு வளையல்காரராக ஊர் ஊராய்த் திரிந்தார். வளையல்களுக்கு அடியில் பூசைப் பாத்திரம் இருக்கும். அவர் வளையல் போடப் போட, பெண்கள் நீட்டிய கையோடு தங்கள் பாவத்தை முணுமுணுப்பார்கள்.

வேஷம் பொருந்தியதே தவிர வேலை அவருக்கு வரவேயில்லை. நாலு போட்டால் மூணு உடையும்.

"பாவத்துக்குத் தண்டனை இங்கேயே முடிஞ்சுது சுவாமி," என்று ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

சவேரியாயி அவருடைய சீஷப்பிள்ளை. இடுப்பில் பால்குடிப் பிள்ளையோடு செபம் படித்து, மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்.

அன்று காலை சுவாமி அவள் வீட்டு மாட்டுக்கொட்டிலில் பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அவள் கிணற்றடிக்கு வந்தபோது சேவகர்கள் எதிரே வந்து நின்றார்கள்.

"வளையல்காரன் வேஷத்துல ஒரு சாமியார் திரியுறானாம். எங்கே அவன்?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். தூரத்தில் கண்மாய்க்கரையில் நாகுச் செட்டி மலாரத்தோடு போய்க்கொண்டிருந்தார். தலைமுறையாய் வளையல் விற்கிற குடும்பம். அவள் கை தானாக உயர்ந்தது.

"அந்தாப் போறாரே, அவருதான் வளையல்காரரு."

சேவகர்கள் ஓடினார்கள். அவள் கொட்டிலுக்கு ஓடினாள்.

"தப்பிச்சீங்க சுவாமி! நான் பொய்கூடச் சொல்லல. வளையல்காரரைத்தானே காட்டினேன்?"

சுவாமி கையிலிருந்த பூசைப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"எந்தக் கையால காட்டினே?"

வலது கையை நீட்டினாள். பச்சை வளையல்கள் குலுங்கின.

"இது யாரு போட்டது?"

"செட்டிதான்."

"வலிச்சுதா?"

"அவரு போட்டா போட்டதே தெரியாது, சுவாமி."

சுவாமி பூசைப் பாத்திரத்தை வைக்கோலுக்குள் புதைத்தார். மலாரத்தை எடுத்துத் தோளில் போட்டார். அவர் எங்கே கிளம்புகிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசலை மறித்து நின்றாள்.

"அவரு ஒத்தை ஆளு. நீங்க போயிட்டா இத்தனை ஊருக்கும் பூசை ஏது? சாகக் கிடக்கிறவங்களுக்குப் பாவமன்னிப்பு யாரு குடுப்பா? இது நியாயமா? நீங்களே சொல்லுங்க."

"வழிய விடு சவேரி. நேரமாக ஆக எனக்குப் பயம் கூடுது."

அவள் விலகினாள். ஆனால் பின்னாலேயே போனாள்.

சாவடிப் புளியமரத்தில் செட்டியைக் கட்டிப்போட்டிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது.

"அவரை விடுங்க. நீங்க தேடுற ஆள் நான்தான்," என்றார் சுவாமி.

சேவகர்களின் தலைவனான சேர்வைகாரன் இரண்டு மலாரங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவன் சாமியார் இல்லேங்குறான். நீ சாமியாருங்குற. கூட்டாளியக் காப்பாத்த வந்தியோ? ஏ பொம்பளே, இங்க வா, கையை நீட்டு. உடையாமப் போடுறவன் வளையல்காரன். மத்தவன் தலை எனக்கு."

சவேரியாயி நீட்டினாள்.

முதலில் செட்டியை அவிழ்த்துவிட்டார்கள். கயிறு இறுக்கி அவர் விரல்கள் வீங்கியிருந்தன. அவள் கொஞ்சம் கையை விறைத்துக்கொண்டால் போதும், வளையல் உடையும். சுவாமி பிழைப்பார். ஒருத்தருக்கும் தெரியாது. அவள் கை கல்லாய் இறுகியது.

எந்த வீட்டு வாசலிலும் சொல்வது போலவே, பழக்கத்தில் செட்டி சொன்னார்:

"கையைத் தளர விடு தாயி. வலிக்காமப் போடுறேன்."

அவள் சுவாமியைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடுப்பில் பிள்ளை சிணுங்கியது.

அவள் கை தளர்ந்தது. வளையல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அடுத்தது சுவாமி. எலும்பே இல்லாதவள் போலக் கையை விட்டுக்கொடுத்தாள். கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கூட வைத்தாள். ஒரே ஒரு தடவை, ஆண்டவரே, ஒரே ஒரு தடவை.

படக்கென்று உடைந்தது. மணிக்கட்டில் ரத்தம் துளிர்த்தது.

செட்டியைக் கட்டியிருந்த கயிற்றாலேயே சுவாமியைக் கட்டினார்கள்.

"வேணும்னேதான் உடைச்சீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"எனக்கு எப்பவும் அப்படித்தானே வரும், சவேரி."

கண்மாய்ப் பக்கம் அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். அரிவாள்காரன் முன்னால் போனான். சேவகர்கள் இருப்பதையும் மறந்து அவள் கத்தினாள்.

"சுவாமி! இனிமே நாங்க என்ன செய்யணும்?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"செட்டிக்குக் கை வீங்கியிருக்கு பாரு. வெந்நீர் வச்சு ஊத்து."