ராசாவுக்கு வெந்நீராப் போன கடலு

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மீனெல்லாம் வாயடிச்சிக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல, கடலோரமா ஒரு ராசா இருந்தாரு. புலின்னா பயமில்ல, வாளுன்னா பயமில்ல, பச்சத்தண்ணின்னா மட்டும் அலறுவாரு.

ஒரு மந்திரவாதி வந்தான். "கடலையே வெந்நீராக்கித் தரேன் ராசா"ன்னு நெருப்புக்கல்லு ஒண்ணைக் கடல்ல போட்டுட்டுப் போயிட்டான். ராசா தெனமும் சொகமாக் குளிச்சாரு.

அந்தச் சூட்டுக்கு எந்தத் தேசத்துப் பாசியோ வந்து ஒட்டிக்கிச்சு. பட்டுச்சேலை கணக்கா பச்சை! பவளத்து மேல படுத்துச்சு, அமுக்குச்சு, பவளம் வெளுத்துச் செத்துச்சு. மீனும் போச்சு.

முத்துக்குளிக்கப் போன கருமலையான்ங்கிறவனைக் கடலடியில இடுப்போட கட்டிப்போட்டுச்சு அந்த மாயப்பாசி. சாகவும் விடல, வரவும் விடல.

"வெட்டுங்கடா!"ன்னாரு ராசா. வெட்டுனாங்க. ஒவ்வொரு துண்டும் புதுசா மொளைச்சு நெஞ்சுக்கு வந்துச்சு. "இன்னும் வெட்டுங்கடா!" கழுத்துக்கு வந்துச்சு. "நல்லா வெட்டுங்கடா!" உதட்டுக்கு வந்துச்சு. நல்ல மூளை!

கருமலையான் பொண்டாட்டி நம்புத்தாயி கரையில நின்னு அழுதா. மெலிஞ்சுபோன கிளிமீன் ஒண்ணு தலையை நீட்டுச்சு.

"அழுது கடலை ரொப்பாத தாயி. கல்லை எடுத்தாப் பாசி சாகும். மந்திரவாதி யாருக்காகப் போட்டானோ அவரு கையாலதான் எடுக்கணும்."

அவ ராசாகிட்ட ஓடுனா.

"கல்லை எடுத்தா சில்லுன்னு ஆயிருமேம்மா!"

"சரி ராசா, எடுக்க வேணாம். குளிக்கவாச்சும் வாங்க. எடம் நான் காட்டுறேன்."

வந்தாரு. இடுப்பளவு தண்ணியில நின்னு குனிஞ்சாரு. கீழ ரெண்டு கண்ணு அவரையே பாத்துச்சு.

"யாரும்மா அது?"

"எம் புருசன். நாளைக்கு மூக்கும் மூடிரும். நீங்க குளிங்க."

ராசா கையில அள்ளுன தண்ணி அப்பிடியே ஒழுகிருச்சு. மூச்சைப் புடிச்சு முங்குனாரு. கை வெந்துச்சு, விடல. கல்லைத் தூக்கிக் கரையில எறிஞ்சாரு. தண்ணி குளுந்துச்சு. பாசி கருகிக் கழண்டுச்சு.

கருமலையான் மேல வந்து இருமுனான்.

"சோறு இருக்காடி?"

"வெறுஞ்சோறுதான் மச்சான். மீனுக்கு எங்க போவேன்?"

"போடு."

செத்த பவளம் அந்த ராசா காலத்துல மொளைக்கல, அவரு மகன் காலத்துலயும் மொளைக்கல. ஆனா அன்னிக்கு ஒரே தட்டுல ரெண்டு பேரு தின்னாங்க. நீங்களும் போயித் தின்னுட்டுப் படுங்க.