கூரையில் சொட்டிய வெள்ளி

ஒரு காலத்தில் பூந்துறை நாட்டை மகரகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிடக் கனவு கண்டான் என்றால் பொருத்தம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊஞ்சலில் சாய்ந்தால் போதும், கண் சொக்கிவிடும். அப்போது எதைக் கண்டானோ அது நடந்தாக வேண்டும். அவனை வைத்துக்கொண்டு ஊர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா!

ஒருநாள் விழித்தவன், "ஊரிலுள்ள கூரைகளிலிருந்தெல்லாம் வெள்ளி சொட்டிக்கொண்டே இருந்தது. இதற்கு என்ன பொருள்?" என்று மயக்கம் தெளியாமலே கேட்டான்.

பொக்கிஷதார் தாண்டவராயர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். "வீட்டு வாடகைதான் பிரபு. இனி எல்லா வாடகையும் அரண்மனைக்கே வரவேண்டும் என்கிறது கனவு."

அவர் வயிற்றெரிச்சல் அவருக்கு. கடைத்தெருவில் அவருடைய சொந்த வீடு பூட்டிக் கிடந்தது. அவர் கேட்ட வாடகைக்கு வௌவால்தான் குடிவந்தது. பக்கத்து வீட்டு வேலம்மைக்கோ இரண்டு குடித்தனம், ஒருநாளும் காலியானதில்லை. புருஷன் போன பிறகு அந்த வாடகையில்தான் அவள் அடுப்பு எரிந்தது. பாதி வயிற்றுக்கு, பாதி வீட்டுக்கு என்று ஒதுக்கி, மழைக்கு முன்னால் உடைந்த ஓடுகளை மாற்றிவிடுவாள்.

ராஜா தலையாட்டினான்; அன்றே தண்டோரா போட்டார்கள். வேலம்மை அன்று முழுக்க அழுதாள். மறுநாள் ஓடு மாற்றக் கொத்தனார் ஏணியோடு வந்தபோது, "வேண்டாம் அண்ணே, கூரை இப்போது என்னுடையதில்லையே" என்று திருப்பி அனுப்பினாள். அடகு வைத்த குத்துவிளக்குதான் மழைக்காலம் வரை அவளுக்குச் சோறு போட்டது.

மழையும் வந்தது. வேலம்மை நேரே சபைக்குப் போனாள். "மகாராஜா, உங்கள் கனவு என் வீட்டில் பலித்திருக்கிறது. வந்து பாருங்கள்."

கனவு என்றால் கேட்க வேண்டுமா? ராஜா பல்லக்கில் வந்து இறங்கினான், பின்னாலேயே பொக்கிஷதாரும். வெயிலும் மழையுமாக இருந்த நேரம். உடைந்த ஓட்டின் வழியே துளிகள் மின்னிக்கொண்டு இறங்கி, கீழே இருந்த பித்தளைக் குண்டானில் விழுந்தன. அறை முழுக்க அந்த ஒலிதான். ராஜா வாய் திறந்தபடி நின்றான்.

"இதேதான்," என்றான் மெல்ல. "இதே வெள்ளிதான்."

ஒரு துளி அவன் மூக்கில் விழுந்தது. திடுக்கிட்டுத் துடைத்துக்கொண்டான்.

"ஒழுகுகிறதே அம்மா. யார் சரிசெய்வது?"

"வாடகை வாங்குகிற வீட்டுக்காரர்தான். ஊர்க் கூரையெல்லாம் ஒழுகுகிறது மகாராஜா. வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று எல்லோரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்."

தாண்டவராயர் குறுக்கே விழுந்தார். "குடியிருப்பவர்கள் சரிசெய்து கொள்ளட்டும்."

"ஐயா, நீங்கள் குடியிருக்கும் அரண்மனை விடுதி போன மழைக்கு ஒழுகியதே. அது யார் செலவு?"

"என் செலவுதான்," என்றான் ராஜா. "வீட்டுக்காரர்தான் மாற்றித் தரவேண்டும் என்று இவர் என்னை நிம்மதியாகத் தூங்கக்கூட விடவில்லை." சொல்லிவிட்டுப் பொக்கிஷதாரைப் பார்த்தான். அவர் குண்டானைப் பார்த்தார்.

உத்தரவு ரத்தானது; வாங்கிய வாடகையெல்லாம் அன்றே திரும்பியது. விளக்கும் அடகிலிருந்து வந்தது. ஆனால் ராஜா நகரவில்லை.

"வேலம்மா, இந்த அறையை எனக்கு வாடகைக்குத் தா. உடைந்த ஓடு அப்படியே இருக்கட்டும். மழைநாளில் மத்தியானம் வந்து படுத்துக்கொள்கிறேன்."

"தரலாம் மகாராஜா. வாடகை மட்டும் மாதம் பிறந்ததும் வந்துவிட வேண்டும்."

வந்தது. மாதம் பிறந்ததும் தாண்டவராயரே, பூட்டிக் கிடக்கும் தன் வீட்டைத் தாண்டி, ராஜாவின் வாடகையை இரு கையிலும் ஏந்திக்கொண்டு வேலம்மை வாசலில் வந்து நிற்பார்.

"கொஞ்சம் இருங்கள் ஐயா," என்பாள் அவள். "அடுப்பில் சோறு கொதிக்கிறது."