வெங்காயம் விற்காத ஊர்

"முதல்ல வியாபாரி விலையைக் குறைச்சான். அடுத்து எடையில கை வச்சான். அதுக்கடுத்து, ஈரம்னு சொல்லி மூட்டைக்கு இவ்வளவுன்னு கழிச்சான். அதுக்கப்புறந்தான் சங்கம் கூடி, விலை ஏறுற வரைக்கும் எல்லாரும் சேர்ந்து தாங்கணும், சின்ன வெங்காயத்தை யாரும் விக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டோம். கடைசியா, பூவாயி வித்துட்டா."

சங்கத் தலைவன் துரைக்கண்ணு இதை வரிசை பிசகாமல் குருவிடம் சொன்னான்.

குரு களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சீடன் துரைக்கண்ணுவைவிட வயதில் இளையவர்.

"இதுல எது பெரிய துரோகம்?"

"கடைசியா நடந்ததுதான் சாமி. வியாபாரி எதிரி. இவ நம்ம ஆளு."

வியாபாரியின் பெயரைக் குற்றவாளி என்று சங்கம் எந்தக் கூட்டத்திலும் படித்ததில்லை.

"என்ன செய்யப் போறே?"

"சாயங்காலம் ஊர்க்கூட்டம். பேரைப் படிச்சு ஒதுக்கி வைக்கப் போறோம். பொதுக் கிணத்துல தண்ணி கிடையாது. நீங்க வந்து படிக்கணும் சாமி. உங்க வாயால வந்தா யாரும் மறுக்க மாட்டாங்க."

"தண்ணி இல்லாம அவ என்ன செய்வா?"

"நிலத்தை வித்துட்டுப் போவா."

"யாரு வாங்குவா?"

 பூவாயியின் நிலம் துரைக்கண்ணுவின் நிலத்தை ஒட்டி இருந்தது.

குரு எழுந்து கையைக் கழுவினார்.

"உன் வெங்காயம் எங்கே?"

"பட்டறையில இருக்கு சாமி. மூங்கில் தட்டி, மேல கீத்து. காத்து ஓடும், மழை புகாது. இன்னும் மூணு மாசம் கூட அசையாது."

"அவ பட்டறை?"

"அவளுக்கு ஏது பட்டறை?"

குரு நடந்தார். சீடன் பின்னால் போனான்.

பூவாயி வரப்பில் குந்தியிருந்தாள். விற்றது போக மிஞ்சியதைக் கிளறி, அழுகியதைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். நாற்றம் தூரத்திலேயே அடித்தது.

"வாங்க தலைவரே. சாமியவும் கூட்டியாந்துட்டீங்களா? சாமிக்குத்தான் வெங்காயமே ஆகாதே!"

"சிரிப்பு வருதா உனக்கு?" என்றான் துரைக்கண்ணு. "உன்னாலதான் வியாபாரி இன்னும் இறங்கி வரல."

"அவன் ஏன் இறங்கி வரணும்? அவனுக்குக் கிடங்கு இருக்கு. உங்களுக்குப் பட்டறை இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்து காத்திருங்க. மழையில கிடந்தது என் வெங்காயந்தானே?"

"எல்லாருக்கும்தான் கஷ்டம்."

"உங்க பட்டறையில ஒரு ஓரம் கேட்டேன். மறந்துட்டீங்களா தலைவரே? சங்கத்துக்காரியா வந்துதான் கேட்டேன்."

"அழுகல் வந்து ஒட்டிக்கும்னு சொன்னேன்."

"நான் கேட்டப்ப மழையே வரல."

குரு சீடனைப் பார்த்தார்.

"பட்டறை நிறைஞ்சிருந்துச்சா?"

"பாதி, சாமி."

 பூவாயி அழுகியதைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் ஊர் கூடியது. பட்டறை உள்ளவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். இல்லாதவர்கள் பின்னால் நின்றார்கள். அப்படி உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

பூவாயி ஒதுங்கி நின்றாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சீக்கிரம் படிங்க சாமி" என்றது முன்வரிசை. "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

துரைக்கண்ணு தீர்மானத் தாளை நீட்டினான்.  

குரு தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

"விலை ஏறும் வரை எல்லாரும் சேர்ந்து தாங்குவது என்று ஊர் கூடிப் போட்ட கட்டுப்பாட்டை உடைத்தவர் பெயர், இந்தச் சபை சாட்சியாக:

கீழக்காட்டு அங்கமுத்து மகன் துரைக்கண்ணு."