கடைக்குட்டி தூங்கப் பழகிய கதை

அந்தக் காலத்தில் கைபேசிக்குள் குடியிருந்தவர்களுக்கும் வாய் இருந்தது. நம்மைவிட நன்றாகவே பேசினார்கள். தூங்கத்தான் தெரியவில்லை.

தூத்துக்குடியில் பிலோமினா என்பவளின் போனுக்குள் நான்கு பிராசசர் சகோதரிகள், ஆளுக்கோர் அறையில் இருந்தார்கள். போனில் நடக்கிற கணக்கெல்லாம் அவர்கள் போடுவதுதான். வேலையைப் பிரித்துக் கொடுப்பவள் இயங்குதளத்தம்மாள். வேலை இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டியதுதானே? மாட்டார்கள். "வேலை இருக்கா? வேலை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அறைக்குள் வட்டமடித்து ஓடுவார்கள். வெறுமனே ஓடினாலும் தின்பது தின்பதுதான். தீனி போடுகிற பேட்டரி மாமா இளைத்தே போனார்.

"வெட்டியா ஓடுததுக்கு நான் அவிச்சுக் கொட்டணுமாக்கும்?" என்று ஒருநாள் கத்திவிட்டார்.

அம்மாள் நால்வரையும் கூப்பிட்டாள். "வேலை இல்லாதப்போ கையில இருக்கத இறக்கி வச்சிட்டு, வெளக்க அணைச்சிப் படுங்கட்டி. வேலை வந்தா நான் மணி அடிக்கேன்."

மூத்தவர்கள் மூவரும் படுத்தார்கள். கடைக்குட்டி படுக்கவில்லை. வேலை எப்போதும் மூத்தவளிடம் தொடங்கும். இவள் வரைக்கும் வந்து சேருவது அபூர்வம். முழித்திருக்கும்போதே ஞாபகம் வைக்காதவர்கள், தூங்கினால் தேடவா போகிறார்கள்? விளக்கை மட்டும் அணைத்துவிட்டு இருட்டில் ஓடினாள்.

அவளோடு பேசுகிற ஒரே ஆள் கடிகாரம். ஓயாமல் எல்லாக் கதவையும் தட்டுவது அவன் உத்தியோகம்.

"முழிச்சிருக்கியாட்டி?"

"இருக்கேன். வேலை இருக்கா?"

"இல்ல."

போய்விடுவான். 'இல்ல' என்று சொல்லவாவது ஒருவன் வருகிறானே என்று அவள் கதவருகிலேயே சுற்றினாள்.

வெளியே பிலோமினாவின் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான். மகன் ரெக்ஸன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். துறைமுகத்துக்கு வந்தால்தான் பேச்சு. அடுப்பில் சோறு கொதிக்கும், கண் போனில் இருக்கும்.

அந்த மத்தியானம் ஊரில் கரண்ட் இல்லை. பேட்டரி மாமாவுக்கு மூச்சு வாங்கியது.

"மூணு பேரு தூங்குதாளுவ. பெறவு யாருட்டி ஓடுதது? எனக்கு முடியல!"

கடைக்குட்டிக்குக் கேட்டது. ஆனாலும் ஓட்டத்தை நிறுத்தவில்லை. மாமா சுருண்டு விழுந்தார். போன் செத்தது.

கரண்ட் வந்து, சார்ஜரில் போட்டு, போன் கண் திறந்தபோது அக்காமார் மூவருக்கும் கை நிறைய வேலை. அந்த நேரம் பார்த்து ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. அம்மாள் மணி அடித்தாள், கடைக்குட்டிக்கு! ஓடி வந்து வாங்கினாள். சுருட்டிக் கட்டிய ஒலியை அவிழ்த்து வெளியே அனுப்ப வேண்டும். அவிழ்த்தாள்.

"யம்மா, எத்தன தடவ அடிச்சேன், சுவிட்ச் ஆஃப்னே வருது. கப்பல் கெளம்பிட்டு. இனி எப்பன்னு தெரியல. நேரத்துக்குச் சாப்பிடும்மா."

பிலோமினா அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஒவ்வொரு முறையும் கடைக்குட்டிதான் அவிழ்க்க வேண்டியிருந்தது.

"கூப்பிட்டா ஓடி வரணும்னுதானே முழிச்சிருந்தேன்?" என்றாள் அம்மாளிடம்.

"நீ முழிச்சிருந்ததாலதான் அவன் கூப்பிட்டது கேக்கல." அம்மாள் அதட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னாள்.

"படுத்தா என்னைய மறந்துர மாட்டியளா?"

"இப்ப மணி அடிச்சேன்ல?"

கடைக்குட்டி கையிலிருந்ததை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். "அப்படின்னா அந்தத் தட்டுதவன என் வாசலுக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க. அவன் சத்தம் கேட்டா எந்திரிச்சிருவேன்."

கடிகாரம் அவள் வாசல் வரைக்கும் வந்தான். தூக்கிய கையை இறக்கிக்கொண்டு போனான். உள்ளே முதல்முறையாக ஒரு சத்தமும் இல்லை.

அன்று முதல்தான், கையில் வேலையில்லாத பிராசசர் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு உறங்கிவிடுகிறது. கடிகாரமும் உறங்குகிறவள் கதவைத் தட்டுவதில்லை. மேசைமேல் போன் இருட்டாகிக் கிடக்கிறதே, அது அதனால்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிலோமினாவிடம் மட்டும், நீ படு, வந்தால் நான் எழுப்புகிறேன் என்று சொல்ல யாரும் இல்லை.