துதிக்கை நனைந்த ஏரியும் பாயச அண்டாவும்

ஏரி நிறைந்தால் மீசையை முறுக்குவார், வற்றினால் அதே மீசையைக் கடிப்பார். அப்படியொரு ராஜா வெகுகாலத்துக்கு முன்னால் வேழப்பேரூரை ஆண்டு வந்தார். பெயர் மகுடவர்மர். அந்த வருஷம் முறுக்குகிற வருஷம். ஏரிக்கரையில் அவருடைய பாட்டனார் ஒரு கல்யானை நட்டிருந்தார். தண்ணீர் அதன் துதிக்கையைத் தொட்டால் ஏரி நிறைந்ததாகக் கணக்கு. தொட்டேவிட்டது.

சபையில் கோலாகலராயர் என்று ஒருவர் உண்டு. தொண்டையில் நெய் தடவிக்கொண்டு பேசுகிற ஆள். "மகாப்பிரபு, துதிக்கையே குளிக்கிறது. தெருவுக்குத் தெரு நீரூற்று வைப்போம். கிழக்கே புதுப் பட்டணம் எழுப்பி, தங்கள் திருநாமத்தையே சூட்டுவோம்" என்று குழைந்தார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அமைச்சர் உமையாள் மட்டும் எழுந்து நின்றாள். போன வருஷமும் துதிக்கை நனையத்தான் செய்தது. ஆனால் சித்திரை பிறக்குமுன் ஏரி சேறாகி, ஊர் முழுக்கக் குடத்தோடு குடம் இடித்துச் சண்டை. பாட்டனாருக்குப் பிறகு ஏரியை யாரும் தூர்வாரவில்லை, ஊர் மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது என்று அவள் எடுத்துச் சொன்னாள். "ஏரியின் வாயைத்தான் பார்க்கிறோம் மகாராஜா, வயிற்றைப் பார்க்கவில்லை."

நிறைந்த ஏரியைப் பார்த்து மூக்கைச் சிந்துகிற அமைச்சர் எதற்கு என்று ராயர் இளித்தார். ராஜா முரசுக் குரலில் தீர்ப்புச் சொன்னார்: "நிறைந்த ஏரி போதாது என்பதை ஏரி நிறைவிழா முடிவதற்குள் நிரூபித்துக் காட்டு உமையாள். முடியாவிட்டால் உன் முத்திரை மோதிரம் ராயருக்கு." ராயர் அப்போதே விரலை நீவிக்கொண்டார்.

"ஆகட்டும். விழாப் பாயசத்தை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றாள் அவள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். நிறைவிழாவில் ராஜாவே கரண்டி பிடித்து ஊருக்குப் பாயசம் ஊற்றவேண்டும். கடைசிக் கிண்ணம்தான் ராஜாவுக்கு. பால் பாயசம் என்றால் மகுடவர்மருக்கு உயிர்.

விழா நாளில் கரைமேல் பெரிய அண்டா தளும்பிக்கொண்டு நின்றது. போதுமா என்று பார்த்துச் சொல்லும்படி உமையாள் ராயரையே கேட்டாள். அவர் தொப்பையை எக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "விளிம்பைத் தொடுகிறது. இதற்கு மேல் என்ன பார்ப்பது? பக்கத்து ஊரையும் கூப்பிடுங்கள்." கூப்பிட்டார்கள். வந்தார்கள்.

ராஜா ஊற்ற ஆரம்பித்தார். வரிசையில் பாதிகூடக் கரையவில்லை, கரண்டி எதிலோ இடித்து டங் என்றது. மறுபடி டங். ராஜா கங்கணத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை விட்டுத் துழாவினார். அடியில் என்ன? அரண்மனை ஆட்டுக்கல் அத்தனையும் சுத்தமாகக் கழுவப்பட்டு உட்கார்ந்திருந்தது.

ராயர் மோசடி என்று குதித்தார். உமையாள் தன் தொண்டையிலும் நெய்யைத் தடவிக்கொண்டாள்: "விளிம்பைத் தொடுகிறது. இதற்கு மேல் என்ன பார்ப்பது?" அச்சு அசலாக அதே குரல். கரையே சிரித்தது.

பிறகு தன் சொந்தக் குரலுக்கு வந்தாள். "மகாராஜா, அண்டா நிறைந்துதான் இருந்தது. நம் ஏரியும் இப்படித்தான் நிறைந்திருக்கிறது, அடியில் வண்டலோடு. இங்கே கிண்ணத்தோடு நிற்பவர்கள்தான் சித்திரையில் குடத்தோடு நிற்பார்கள். புதுப் பட்டணத்தையும் பந்திக்குக் கூப்பிட்டால் கடைசிக் கிண்ணத்தில் என்ன இருக்கும்?"

ராஜா தன் காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். கல்யானையைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். மோதிரம் உமையாள் விரலிலேயே தங்கியது. அவள் முன்யோசனையாக ஒதுக்கி வைத்திருந்த இன்னொரு அண்டாவும் வந்தது. ஊர் குடித்தது, ராஜா குடித்தார், ராயருக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

சித்திரையில் ஏரி வற்றியதும் முதல் கூடை வண்டல் ராயரின் பட்டுத் தலைப்பாகையில் ஏறியது. இரண்டாவது கூடையை ராஜாவே சுமந்தார். பழைய அடித்தரை தெரிந்ததும் அங்கே ஒரு கல் ஆமையைப் பதித்து, வருஷாவருஷம் அதன் முதுகு தெரியும்வரை தோண்டவேண்டும் என்று கட்டளையிட்டார். புதுத் தெரு வேண்டுமென்றால் முதலில் அந்தத் தெருவுக்கு ஊருணி வெட்டவேண்டும்.

அதற்குப் பிறகு வேழப்பேரூர்க்காரர்கள் வெளியூரில் போய் யானையைப் பற்றிப் பேசுவதில்லை. "எங்கள் ஆமை முதுகைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றுதான் நெஞ்சை நிமிர்த்துவார்கள்.

அடுத்த நிறைவிழாவிலும் அண்டா தளும்பியது. ராஜா கரண்டியை அடிவரை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மீசையை முறுக்கினார்.