ஞானப்பூவோட கர்த்தர் பானை

ஒரு ஊர்ல, தேரி மணல் ஓரத்துல இருக்கிற ஊருன்னு வச்சுக்கோங்க, ஞானப்பூன்னு ஒருத்தி இருந்தா. நல்லவதான், சும்மா குத்தம் சொல்லக் கூடாது. யாருக்குக் காய்ச்சல்னாலும் கஞ்சியோட போய் நிப்பா. ஆனா கோயில்ல ஜெபம் பண்ண எந்திரிச்சான்னா ஆதாம் ஏவாள்ல ஆரம்பிச்சு, அடுத்த தெரு ஆட்டுக்குட்டி வரைக்கும் வந்துதான் ஆமென் சொல்லுவா.

அந்த ஊர்ல ஒரு பழக்கம். உலைக்கு அரிசி போடுறப்பல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து ஆண்டவருக்குன்னு தனிப் பானையில போடணும். அதுதான் கர்த்தர் பானை. வருஷத்துக்கு ஒருக்கா அசனம் வரும். அசனம்னா ஊரே கோயில் முத்தத்துல ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது. எல்லா வீட்டுப் பானை அரிசியையும் சேத்துப் பொங்குவாங்க. எவ பானை வாய் முட்ட நெறஞ்சிருக்கோ, அவதான் முதல் அடுப்பைப் பத்தவைப்பா. ஞானப்பூவுக்கு அந்த அடுப்பு மேல ஆறு வருஷமா ஆசை.

ஆசை இருக்கு, ஆனா நல்ல அரிசியை எடுக்க மனசு வரல. அதை மருமகன் வந்தா ஆகும்னு கட்டி வச்சுட்டா. அப்புறம் என்ன செஞ்சா, கோழிக்குப் போடுற குருணையைக் கல்லும் மண்ணுமா ரெண்டு ரெண்டு கையா அள்ளிப் பானையில போட்டா.

அவ வீட்டுல மொட்டைக்கழுத்துக் கோழி ஒண்ணு இருந்துச்சு. அது பேசும். கோழி எப்படிப் பேசும்னு கேக்காதீங்க, அப்போ பேசுச்சு.

காலையில கோழி வந்து, "யக்கா, எங்க என் குருணை?"ன்னுச்சு.

"ஆண்டவருக்குப் போட்டுட்டேன். போய் மண்ணைக் கிளறு."

மத்தியானமும் வந்து, "யக்கா, எங்க என் குருணை?"ன்னுச்சு.

"ஆண்டவருக்குன்னு சொன்னேம்லா."

சாயங்காலம் கோழி தலையைச் சாச்சு அவளையே பாத்துது. "ஏன் யக்கா, ஆண்டவரும் கொத்தித்தான் தின்பாரோ?"

ஞானப்பூவுக்குச் சுருக்குன்னுச்சு. ஆனாலும் வெளக்குமாறை எடுத்து விரட்டிட்டா.

அப்புறம் அசன நாளும் வந்துச்சு. ஞானப்பூ பானை மேல மட்டும் ரெண்டு படி நல்ல அரிசியைப் பரப்பி, பூ மாதிரி தூக்கிட்டுப் போனா. அந்த வருஷம் கோயில்ல ஜெபம் நடத்த புதுசா ஒரு உபதேசியார் வந்திருந்தாரு. அவரு சொன்னாரு, "பானையெல்லாம் பாயில கவுத்துங்கம்மா. கல்லு கிடந்தா பொறுக்கிட்டுப் பொங்குவோம். அன்னபாக்கியத்து ஆச்சிக்கு இருக்கிறதே ரெண்டு பல்லு."

என்ன செய்ய முடியும்? கவுத்தா. மேல இருந்த நல்ல அரிசி அடியில போச்சு, அடியில இருந்த குருணை மேல வந்துச்சு.

பின்னாலயே வந்த கோழி முதல் குவியலைப் பாத்துச்சு, தாண்டிப் போச்சு. ரெண்டாங் குவியலையும் தாண்டுச்சு. மூணாவது குவியல் மேல ஏறி நின்னு, "இந்தா இருக்குல்லா என் குருணை"ன்னுச்சு.

"இது யாரு பானைம்மா?"ன்னு உபதேசியார் கேட்டாரு.

ஞானப்பூ நாக்கு நுனியில மூணு பொய் வந்து நின்னுச்சு. கோழி கலந்துட்டுன்னு சொல்லலாம். கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லலாம். பானை மாறிப்போச்சுன்னு சொல்லலாம். அதுக்குள்ள அன்னபாக்கியத்து ஆச்சி குனிஞ்சு உக்காந்து அந்தக் குருணையில கல்லு பொறுக்க ஆரம்பிச்சுட்டா. அதைப் பாத்ததும் ஞானப்பூவுக்கு மூணு பொய்யும் தொண்டைக்குள்ள போயிட்டு.

அவ முழங்கால் போட்டா. ஜெபம் நீளமா வரும்னு எல்லாரும் சம்மணம் போட்டு வசதியா உக்காந்தாங்க.

"ஆண்டவரே, கோழித்தீனியை உமக்குக் கொடுத்துட்டேன். என் மனசும் இப்படித்தான் இருந்துச்சு, மேல மட்டும் நல்லா."

அவ்வளவுதான் ஜெபம். ஆமென் சொல்ல மறந்துட்டா. ஆச்சிதான் சொன்னா.

அப்புறம் ஓடிப்போய் மருமகனுக்குன்னு வச்சிருந்த மூட்டையைத் தூக்கிட்டு வந்து பாயில கொட்டினா. முதல் அடுப்பை ஆச்சி பத்தவச்சா. பக்கத்துல உக்காந்து ஊதினது ஞானப்பூ. அடுத்த வாரமே மருமகன் வந்துட்டாரு. அவருக்கும் குருணைக் கஞ்சிதான், பாவம்.

அதுல இருந்து முதல் பிடி நல்ல அரிசி கர்த்தர் பானைக்கு, குருணை கோழிக்கு. அந்தா கடைசியில உக்காந்திருக்கிறவளே, கோழியை அறுத்தாங்களான்னா கேக்குற? இல்லட்டி, அதை அறுக்க யாருக்கு மனசு வரும்?

மனசும் ஒரு பானைதான் கண்ணுகளா, ஒரு நாள் கவுத்துவாங்க. அடியிலயும் நல்லதையே போடுங்க. கோழி கூட்டுக்குள்ள போச்சு, கதை உங்க காதுக்குள்ள போச்சு, ரெண்டு கதவையும் சாத்துங்க.