அக்கரை சேராத ராஜா

கும்பினித் துரைகள் காலத்துச் சங்கதி இது. நொண்டியாற்றுக்கு வடக்கே ஒரு சமஸ்தானம், தெற்கே ஒரு சமஸ்தானம். இரண்டுக்கும் காகிதத்தில் நீளமான பெயர்கள் உண்டு. வாயில் வருவதோ ஒன்றுதான். வடக்கே இருப்பவன் தன் பக்கத்தை இக்கரை என்பான், எதிர்ப்பக்கத்தை அக்கரை என்பான். தெற்கே இருப்பவனும் அதையேதான் சொல்வான். இதற்கெல்லாமா சண்டை போடுவார்கள் என்று கேட்காதீர்கள். போட்டார்கள்.

ஒரு வருஷம் இரண்டு அரண்மனையிலும் வாரிசு இல்லாமல் போயிற்று. சொன்னதற்குத் தலையாட்டுகிற சாதுவான ஆள் வேண்டுமென்று வடகரை மிராசுதார்கள் மல்லேந்திர பூபதியைத் தேடிப்பிடித்தார்கள். தென்கரைக்காரர்களும் அவரையே பிடித்தார்கள். ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது. பேச்சுவார்த்தைதான் கிடையாதே! இரண்டு மகுடமும் ஒரே தலையில் ஏறி, நாடு ஒன்றாகிவிட்டது.

சாதுவான ஆள் சிம்மாசனத்தில் சும்மா உட்காரவில்லை. நெல் அளக்க இரண்டு கரைக்கும் ஒரே மரக்கால் என்றார். பொறுத்துக்கொண்டார்கள். வடகரைக்கு இக்கரை, தென்கரைக்கு அக்கரை என்று நிரந்தரமாகப் பெயர் வைத்தார். தென்கரைப் பெரிய மிராசு பூலோகநாதர் சோற்றைத் தள்ளிவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டார். சரி என்று மாற்றி வைத்தார். வடகரைப் பெரிய மிராசு உக்கிரபாண்டியார் படுத்துவிட்டார். கடைசியில் ராஜா தலையில் அடித்துக்கொண்டு, அவனவன் நிற்கிற கரையே இக்கரை என்று தண்டோரா போடச் சொன்னார். அவர் செய்த சீர்திருத்தங்களில் உருப்படாமல் போனது இது ஒன்றுதான். நினைத்தாலே அவருக்கு வெட்கமாக இருக்கும்.

பிறகு உழுகிறவனுக்கே நிலம் என்று பட்டா கொடுத்தார் பாருங்கள், அன்றைக்குத்தான் இரண்டு கரை மிராசுகளும் தோளில் கை போட்டுக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை. வடகரை அரண்மனையில் ராஜா உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, கோவணத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீயக்காய்க் கிண்ணத்தோடு குழைக்காதர். ராஜாவுக்குப் பேச்சுத்துணை என்பது அவர் உத்தியோகம். வாயைத் தவிர வேறு ஆயுதம் கிடையாது. மிராசுகள் துப்பாக்கிகளோடு உள்ளே வந்தார்கள். காவலாளிகளும் அவர்கள் பக்கம் சேர்ந்திருந்தார்கள். ஆனாலும் மரியாதையில் குறை வைக்கவில்லை. எல்லோரும் முதலில் கும்பிட்டார்கள்.

"மகாராஜா ஆண்டது போதும். படகு தயாரா நிக்கி. அக்கரைக்குப் போயிருங்க" என்றார் உக்கிரபாண்டியார்.

பூலோகநாதரும் தலையாட்டினார். அவர் அப்போது நின்றது வடகரை. அங்கே நிற்கும்போது அவருக்கும் தென்கரை அக்கரைதான்.

தான் போவதில் ஆட்சேபம் இல்லை, உழுகிறவர்கள் நிலத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று ராஜா கெஞ்சினார். அவர் போய்ச் சேர்ந்த நிமிஷமே அவ்வளவையும் பிடுங்கப்போவதாகச் சொல்லிச் சிரித்தார்கள். ராஜாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. எண்ணெய் பட்டிருக்கும் என்று மிராசுகள் நினைத்தார்கள்.

குழைக்காதர் பவ்யமாக எழுந்தார்.

"ராஜா சத்தம் போடாமக் கிளம்பிருவாரு, அண்ணாச்சி. அவரு அக்கரை போய்ச் சேருத வரைக்கும் ஒரு குழி நிலத்தையும் தொட மாட்டோம்னு மடைமாடசாமி பேரைச் சொல்லிச் சூடம் அணைச்சிருங்க. அது போதும்."

மடைமாடசாமி சத்தியத்தை மீறினால் வாய் கோணிப்போகும் என்பது இரண்டு கரையிலும் உள்ள பயம். இருந்தாலும் ஆற்றைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது? மிராசுகள் சந்தோஷமாகச் சூடத்தை அணைத்தார்கள்.

வழியனுப்ப மிராசுகளும் கூடவே ஏறிக்கொண்டார்கள். படகில் ராஜா குழைக்காதர் முகத்தையே பார்க்கவில்லை. ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்கா சத்தியம் வாங்கினீர் என்று முணுமுணுத்தார். மெதுவாக மெல்லும்படி குழைக்காதர் கேட்டுக்கொண்டார்.

படகு தென்கரையில் முட்டியது. உக்கிரபாண்டியார் துள்ளிக் குதித்து, ராஜா அக்கரை சேர்ந்தாயிற்று என்று கை தட்டினார். குழைக்காதர் பூலோகநாதர் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, இது எந்தக் கரை?"

சொந்த மண்ணில் கால் பட்டதும் பூலோகநாதருக்கு மீசை தானாகத் துடித்தது. "இதென்ன கேள்வி? எங்க பாட்டன் காலத்திலேருந்து இது இக்கரை. அக்கரை அந்தா இருக்கு" என்று வடக்கே கையை நீட்டினார்.

உக்கிரபாண்டியார் பல்லைக் கடித்தார். ராஜாவைத் திரும்ப ஏற்றி வடகரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே குழைக்காதர் அதே கேள்வியை உக்கிரபாண்டியாரிடம் கேட்டார். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து இக்கரை என்றார். மறுபடி தெற்கே. மறுபடி வடக்கே. படகோட்டியையாவது சொல்ல வைக்கலாமென்று அதட்டிப் பார்த்தார்கள். நிற்கிற கரைதான் இக்கரை என்று நீங்கள்தானே தண்டோரா போட வைத்தீர்கள் என்று அவன் துடுப்பைக் கீழே வைத்துவிட்டான்.

உக்கிரபாண்டியார் வீறாப்பைக் குறைத்துக்கொண்டு பூலோகநாதரிடம் இறங்கி வந்தார். "காதோட காதா ஒரே ஒரு தரம் அக்கரைன்னு சொல்லித் தொலையும், வே."

"எங்கப்பன் மண்ணை நான் அக்கரைங்கவா? நீரு உம்ம மண்ணைச் சொல்லும்."

உச்சிவெயிலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் கைகலந்தார்கள். சாயங்காலத்துக்குள் நாடு பழையபடி இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு தலையாட்டியைச் சிம்மாசனத்தில் ஏற்றியாயிற்று. நிலத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. வாய் கோணிவிடுமே!

இரண்டு கரையிலும் இடமில்லாத ராஜா நடு ஆற்றில், படகில், எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்திருந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு படகே ஆடும்படி சிரித்தார். தம்முடைய உருப்படாத தண்டோராதான் குடியானவர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பரிசு கொடுக்கக் கையில் மோதிரம்கூட இல்லை. சீயக்காய்க் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். குழைக்காதர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எல்லாம் சரி, ஐயா. நான் எப்பத்தான் அக்கரை போய்ச் சேருவேன்?" என்றார் ராஜா.

குழைக்காதர் சீயக்காயை ஆற்றுத் தண்ணீரில் குழைத்தார்.

"குனியுங்க, மகாராஜா, தேய்ச்சு விடுதேன். உங்களுக்கு விதிச்சது பெரிய 'ற' போட்ட அக்கறைதான். சின்ன 'ர' போட்டது இந்த ஜென்மத்தில கிடைக்காது."